படிகாரத்தில் நனைத்த துணி

அந்தப் பக்கம் உக்காராதீங்கம்மா, பெஞ்சு ஓரத்துல யாரோ வெத்தலை எச்சிலைத் தொடைச்சு வெச்சிருக்காங்க. கல்வி அலுவலகம்னு பேரு. தூ! இப்படி என் பக்கம் நகர்ந்து உக்காருங்க. ஆபீசர் ஏதோ ஆய்வுக்குப் போயிருக்காராம், வர ரெண்டு மணி ஆகுமாம். நானும் காலைல ஒம்பதரைல இருந்து காத்துட்டுத்தான் இருக்கேன்.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்க? ஓ, மார்க் ஷீட்ல பேர் திருத்தமா. அது சட்டுனு முடிஞ்சுடும். என் விஷயம் அப்படி இல்லீங்க. நான் பதினோரு வருஷம் ஒரே ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர். இதே கரூர்தான். ஸ்கூல் பேரு வேண்டாம், சொன்னா என் வாயைக் கொப்புளிக்கணும். என்னோட ஒரிஜினல் சர்டிபிகேட் அத்தனையும் அவங்க பீரோவுல கெடக்குது. வேலையை விட்டு அனுப்பிப்போட்டாங்க, சர்டிபிகேட்டை மட்டும் தர மாட்டேங்கறாங்க. அதுக்குத்தான் இந்த மனு.

என்ன தப்புப் பண்ணினேன்னு கேளுங்க. பாடம் நடத்தினேன். அவ்வளவுதான்.

எட்டாம் வகுப்பு பி பிரிவு. தீ பத்தின பாடம். எந்தப் பொருள் எப்படி எரியும், எது எரியாம நிக்கும், அதை எப்படிச் சோதிச்சுப் பாக்கறதுன்னு. மத்த டீச்சருங்களா இருந்தா புக்கைப் பாத்து வாசிச்சுட்டு, ரெண்டு கேள்வி பதிலை போர்டுல எழுதிப்போட்டுட்டுப் போயிடுவாங்க. நான் அப்படி இல்லீங்க. நான் செஞ்சு காட்டுவேன். ஆளுக்கொரு துண்டுத் துணி வீட்டுல இருந்து எடுத்துட்டு வாங்கன்னு சொன்னேன். உள்ளங்கை அகலம் போதும், பழசா இருந்தாலும் துவைச்சதா இருக்கணும்னு சொன்னேன். துவைச்சதுன்னு அத்தனை தடவை சொல்லியும் ஒருத்தன் கைலி கிழிசலைக் கொண்டாந்தான் பாருங்க, அதுல மீன் கொழம்பு வாடை. நான் அதை விரல் நுனியால எடுத்துக் குப்பைக்கூடைல போட்டுட்டு டெட்டால் ஊத்திக் கை கழுவினேன்.

சோதனை ஒண்ணும் பெரிய வித்தை இல்லீங்க. ஸ்பிரிட் விளக்கு ஒண்ணு, இடுக்கி ஒண்ணு, கீழ தட்டு நெறைய மணல், பக்கத்துல ஒரு வாளித் தண்ணி. துணியை இடுக்கில பிடிச்சுச் சுடர்ல பன்னெண்டு செகண்ட் காட்டணும். அப்பறம் எடுத்துடணும். எடுத்ததுக்கப்பறம் அது எத்தனை செகண்ட் எரியுதுன்னு எண்ணணும், எத்தனை சென்டிமீட்டர் கருகிருக்குன்னு ஸ்கேல் வெச்சு அளக்கணும். பட்டுத் துணி சுருண்டு, முடி பொசுங்கின மாதிரி நாறிட்டு அணைஞ்சுது. கம்பளியும் அப்படித்தான். வேட்டித் துண்டு படக்குனு முழுசா எரிஞ்சு போச்சு. அதே வேட்டித் துண்டை நான் முந்தின நாளே படிகாரத் தண்ணில நனைச்சுக் காயவெச்சு எடுத்துட்டுப் போயிருந்தேன். அதைக் காட்டினேன். கருகுச்சு, எரியலை. பசங்க வாயைப் பொளந்துட்டாங்க. "மிஸ், தண்ணில போட்டதுக்கே இப்படியா?"ன்னாங்க. வெறும் தண்ணி இல்லடா, படிகாரம்னேன். அந்த வகுப்பு மாதிரி ஒரு வகுப்பை நான் எடுத்ததே இல்லீங்க. அதைக் கெடுத்தது அந்தப் புள்ளைதான்.

சுகிர்தான்னு பேரு. ரெண்டாவது வரிசை. எண்ணெய் வெச்சு இறுக்கிப் பின்னின ஜடை, எப்பவும் பேனா மூடியைக் கடிச்சுட்டே இருக்கும். நான் எத்தனையோ தடவை திட்டிருக்கேன், எச்சில்டி அதுன்னு. படிப்புல கெட்டி. ஆனா வாய். எதையும் ஒரு தடவை கேட்டுட்டு விடாது. அது தன் துண்டை எடுத்துட்டு வந்து நீட்டுச்சு. மெரூன் கலர், நல்லாப் பளபளன்னு வெல்வெட்டு மாதிரி. இடுக்கில பிடிச்சு நாந்தான் காட்டினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலு எண்ணலைங்க. பொசுக்குனு சுருங்கி, குபுக்குனு பிடிச்சுது. எரியறது மட்டும் இல்லை, உருகுது. உருகிச் சொட்டுச் சொட்டா ஒழுகுது, ஒவ்வொரு சொட்டும் எரிஞ்சுட்டே விழுது. மணல்ல விழுந்தும் அணையலை. கறுப்பா ஒரு புகை, அதுல ஒரு நாத்தம். ஐயோ, அந்த நாத்தம் நாலு நாளைக்கு என் சேலைல இருந்துச்சுங்க. மூணு தடவை துவைச்சேன்.

"இந்தக் கருமத்தை எங்கிருந்துடி கொண்டாந்த?"ன்னு கேட்டேன்.

"மிஸ், இது நம்ம ஸ்டேஜ் ஸ்கிரீன்"னுச்சு.

பசங்க அத்தனை பேரும் இடுக்கியை விட்டுட்டு என் மூஞ்சியைப் பாத்தாங்க.

அந்த ஸ்கிரீன் வந்து ஒரு மாசம்தான் ஆகுது. எங்க தாளாளர் இருக்காரே, குழந்தைவேலுன்னு, அவரோட மச்சான் துணி குடோன் வெச்சிருக்காரு. அவருதான் மேடைக்கும், கீழ எல்கேஜி யூகேஜி ரூம் ஜன்னலுக்கும் சேர்த்துத் திரை போட்டுக் குடுத்தாரு. தீப்பிடிக்காத துணின்னு ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்டிக்கர். அதைக் காட்டித்தான் தீயணைப்புச் சான்றும் வாங்கிட்டாங்க. இந்தப் புள்ளையோட அம்மா செல்வராணி அந்தக் குடோன்லதான் தையல் வேலை. திரைக்கு மடிப்பு அடிச்சதே அந்தம்மாதான். மிச்சம் விழுந்த துண்டை வீட்டுக்குக் கொண்டு போயிருக்குது. மத்தவங்க சாமான்லருந்து துண்டை எடுத்துட்டுப் போறது என்ன பழக்கமோ. நானா இருந்தா தொட மாட்டேன்.

சரி, விடுங்க. நான் என்ன பண்ணினேன்னா, "அதை நோட்டுல எழுதாதீங்க, பாலியஸ்டர் துணி, எரிந்ததுன்னு மட்டும் எழுதுங்க"ன்னு சொன்னேன். தப்பா? சயின்ஸ்ல பொருளோட பேருதானே முக்கியம், அது எங்க தொங்குதுங்கறது முக்கியமா? எல்லாரும் அப்படியே எழுதினாங்க. இது மட்டும் "பள்ளி மேடைத் திரை, மூன்று விநாடியில் பற்றியது, எரிந்தபடி சொட்டியது"ன்னு எழுதி, பக்கத்துல அளவும் போட்டு வெச்சிருக்குது. நான் அந்தப் பக்கத்தைக் கிழிக்கலைங்க. ஸ்கூல்ல வேணும்னா கிழிச்சேன்னு சொல்லுவாங்க. பின்னைக் கழட்டித் தாளை மட்டும் எடுத்தேன். பதமா.

அதோட நான் சும்மா இருக்கலை. வேற யாரா இருந்தாலும் சும்மா இருந்திருப்பாங்க. நான் அன்னிக்கே பிரின்சிபால் ரூமுக்குப் போனேன். கஸ்தூரி மேடம் அப்பத்தான் முட்டை பப்ஸ் தின்னுட்டு இருந்தாங்க. விஷயத்தைச் சொன்னேன். உதட்டுல பப்ஸ் தூளோட என்னைப் பாத்து, "யாராவது வீடியோ எடுத்தாங்களா?"ன்னு கேட்டாங்க. அதுதாங்க மொதக் கேள்வி. யூகேஜி புள்ளைங்க தலைக்கு மேல தொங்குதே அது, அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை.

அப்பறம் தாளாளர் ரூம். அந்த ஆளு எப்பவும் குச்சியால பல்லு குத்திட்டேதான் பேசுவாரு. குத்தின குச்சியை மேசைல வெப்பாரு, அதே குச்சியை மறுபடி எடுத்துக் குத்துவாரு. "டீச்சர், துணின்னா எரியத்தான் செய்யும். நெருப்பு வெச்சா எது எரியாது, சொல்லுங்க? எதுக்கு நெருப்பு வெச்சீங்க?"ன்னாரு. நான் பாடத்துல இருக்குங்க ஐயான்னேன். "பாடத்துல ஆயிரம் இருக்கும்"னு சொல்லிப்போட்டுக் குச்சியைத் திருப்பி அந்தப் பக்கத்துப் பல்லுக்குப் போயிட்டாரு.

ஆனா பசங்க வாய் சும்மா இருக்குமா? ரெண்டே நாள்ல ஊரெல்லாம் பேச்சு. நாலு அப்பா அம்மாக்காரங்க கேட்டுலயே வந்து நின்னுட்டாங்க, திரை பத்திக்கும்னு எங்க புள்ளை சொல்லுதே, நெசமான்னு. ஆண்டு விழாவுக்கு எட்டு நாள்தான் இருக்குது. அப்பத்தான் தாளாளர் என்னைக் கூப்பிட்டு விட்டாரு. இந்தத் தடவை உக்காரச் சொன்னாரு. டீ வந்துச்சு, டம்ளர் ஓரத்துல ஆடை ஒட்டிட்டு, நான் தொடவே இல்லை.

"விழாவுல எல்லார் முன்னாடியும் நீங்களே இந்தச் சோதனையைச் செஞ்சு காட்டுங்க டீச்சர்"னாரு.

"ஐயா, அது எரியுமே"ன்னேன்.

"எரியாத மாதிரி செஞ்சு காட்டுங்க. நீங்க சயின்ஸ் டீச்சருதானே?"

புரிஞ்சுதுங்களா உங்களுக்கு? எனக்கு ஒரு நிமிஷம் ஆச்சு. புரிஞ்சதும் உடம்பெல்லாம் கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி இருந்துச்சு. இப்படியும் மனுசங்க இருப்பாங்களான்னு. நான் அவரு மூஞ்சியைக்கூடப் பாக்கலை, எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். வெளிய வந்தா பிரின்சிபால் நிக்கறாங்க. "உங்க பையன் நம்ம ஸ்கூல்லதான பத்தாவது? பரீட்சை வேற வருதே"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ண முடியும்? இந்த மாதிரி ஆளுங்களுக்கு நடுவுல மாட்டிக்கிட்ட ஒரு நல்ல மனுசி என்ன பண்ண முடியும்?

ஆனா ஒண்ணு. செஞ்சதைச் சுத்தமாச் செஞ்சேன்.

மத்தவங்களா இருந்தா ஏதாவது ஒரு துணியை நனைச்சுக் கொண்டாந்து மாட்டிட்டு முழிச்சிருப்பாங்க. நான் ஜவஹர் பஜார்ல நாலு கடை ஏறி இறங்கி, அந்த மெரூனுக்கு அச்சா அதே மெரூன்ல கெட்டிப் பருத்தித் துணி எடுத்தேன். வெந்நீர்ல படிகாரத்தைக் கரைச்சு, கரையற அளவுக்குக் கரைச்சு, ராத்திரி முழுக்க ஊறவெச்சு மாடில நெழல்ல காயவெச்சேன். வெயில்ல போட்டா வெள்ளையாப் பூத்துடும். காஞ்சதும் மறுபடி நனைச்சேன். மறுபடி காயவெச்சேன். மூணு தடவை. அப்பறம் தலைகீழாப் போட்டு மெல்ல இஸ்திரி போட்டு, பழைய பல் பிரஷ்ஷால ஒரே பக்கமாத் தேச்சு விட்டேன், வெல்வெட்டு மாதிரி கொஞ்சம் பளபளப்பு வரட்டும்னு. எங்க வீட்டுக்காரரு இதையும் திரைத் துண்டு ஒண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு, எது எதுன்னு தெரியலைன்னுட்டாரு. சுடர்ல காட்டிப் பாத்தேன். பன்னெண்டு செகண்ட். எடுத்ததும் அணைஞ்சுது. இருபது காட்டினேன். அப்பவும் அணைஞ்சுது. ரெண்டு சென்டிமீட்டர்கூடக் கருகலைங்க! பதினோரு வருஷத்துல நான் செஞ்ச எந்தச் சோதனையும் அவ்வளவு துல்லியமா வந்ததில்லை.

அதை எடுத்துட்டுப் போய்க் காட்டினா, தாளாளர் எச்சில் கையால தடவிப் பாத்து, "அந்தப் புள்ளையையே பிடிக்கச் சொல்லுங்க"ன்னாரு. எந்தப் புள்ளைன்னேன். "அதான், பரப்பி விட்டுதே, அதுதான். அது கையாலயே எரியாம நின்னா அப்பறம் யாரு பேசுவாங்க?"

பாருங்க புத்தியை. பதிமூணு வயசுப் புள்ளை. எனக்கு அவரு மூஞ்சில காறித் துப்பணும் போல இருந்துச்சு. ஆனா நான் மரியாதை தெரிஞ்சவ. சரிங்க ஐயான்னுட்டு வந்தேன்.

சுகிர்தாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். நீ ஒண்ணும் பேச வேண்டாம், இடுக்கில பிடிச்சுக் காட்டணும், பன்னெண்டு எண்ணணும், எடுக்கணும், அவ்வளவுதான்னேன். அதுக்கு ஒரே சந்தோஷம். மேடைல சோதனை செய்யறதுன்னா சும்மாவா? அப்பறம் யோசிச்சுட்டுக் கேட்டுச்சு, "மிஸ், அது அந்தத் துணிதானே?"

"மெரூன் துணிடி"ன்னேன்.

கவனிச்சீங்களா? நான் பொய் சொல்லலை. என் வாயால ஒரு பொய் வரலை.

விழா மத்தியானம் மூணு மணிக்கு. ஆளுங்க உக்கார எடமில்லாம சுவரோரமா நிக்கறாங்க. வேர்வை நாத்தம், மல்லிப்பூ, சமோசா எண்ணெய், எல்லாம் சேர்ந்து மூச்சு முட்டுது. மேடைல ரெண்டு பக்கமும் பெரிய பெரிய போகஸ் லைட்டு, திரைக்கு ஒரு முழம்கூடத் தள்ளி இல்லை. அடுத்த டான்சுக்கு யூகேஜி புள்ளைங்க பட்டாம்பூச்சி வேஷத்துல, ஜிகினா ரெக்கையெல்லாம் கட்டிட்டு, திரை ஓரமா வரிசையா நிக்குதுங்க. ஒண்ணு திரையைப் பிடிச்சுச் சுத்திக்கிட்டு வெளையாடுது. எனக்கு அதைப் பாக்கவே பிடிக்கலைங்க, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்.

தாளாளர் மைக்கைப் பிடிச்சு, சில பேரு வேணும்னே புரளி கெளப்பறாங்க, நாங்க விஞ்ஞானப்பூர்வமா நிரூபிக்கிறோம்னு பேசினாரு. நான் விளக்கைப் பத்த வெச்சேன். இந்தப் புள்ளை இடுக்கில துணியைப் பிடிச்சுச்சு. மைக்குல எண்ணுச்சு. ஒண்ணு, ரெண்டு. சபையே சேர்ந்து எண்ணுது. பன்னெண்டு. எடுத்துச்சு. அணைஞ்சுது. கைதட்டல்னா கைதட்டல், அப்படி ஒரு கைதட்டல். பிரின்சிபால் என்னைப் பாத்துத் தலையை ஆட்டினாங்க.

அது போய்த் தன் எடத்துல உக்காந்திருக்கலாம். போகலை. அங்கயே நின்னுட்டு அந்தக் கருகின ஓரத்தைப் பாக்குது. விரலால நசுக்கிப் பாக்குது. பொடியா உதிருது. மூக்குகிட்டக் கொண்டு போய் மோந்து பாக்குது. நான் பல்லைக் கடிச்சுட்டு "போடி, போ"ங்கறேன். அது என்னைப் பாத்து, மைக் எதுக்க இருக்கறதை மறந்துட்டு, வகுப்புல கேக்கற மாதிரியே கேட்டுச்சு.

"மிஸ், இது உருகவே இல்லையே. இது பருத்தி. இது வேற துணி மிஸ்."

ஹால் முழுக்கக் கேட்டுடுச்சு.

தாளாளர் பாய்ஞ்சு வந்து மைக்கை வாங்கி, "பாப்பா பயந்துடுச்சு"ன்னு சிரிச்சாரு. அப்பத்தான் கடைசி வரிசைல இருந்து அந்தம்மா எந்திரிச்சுது. செல்வராணி. அப்பத்தான் வேலை முடிஞ்சு நேரா வந்திருக்கும் போல, தலையெல்லாம் பஞ்சுத் தூசி, சேலைல நூல் ஒட்டிட்டு இருக்குது. நடுவால நடந்து வருது. யாரும் தடுக்கலை. மேடை ஏறி, இடுப்புல சொருகிருந்த நூல் வெட்டற சின்னக் கத்தரியை எடுத்துச்சு. திரைகிட்டப் போய்க் கீழ் மடிப்பைத் திருப்பிப் பாத்துச்சு.

"இது நான் அடிச்ச மடிப்புங்க. இதை எனக்குத் தெரியும்"னுச்சு. சத்தமாக்கூடப் பேசலை. ஒரு விரல் நீளத்துக்கு நறுக்குனு வெட்டி எடுத்து மக கையில குடுத்துச்சு. "இதைக் காட்டு சாமி."

தாளாளர், "ஏம்மா, நீ எங்க வேலை செய்யறேன்னு ஞாபகம் இருக்குதா?"ன்னாரு.

"இருக்குதுங்க"ன்னுச்சு.

சுகிர்தா அதை இடுக்கில பிடிச்சுச்சு. சுடர்ல காட்டுச்சு. மறுபடி சபை எண்ணுச்சு. மூணுக்கு மேல யாரும் எண்ணலைங்க. பத்திக்கிட்டுச்சு, உருகுச்சு, எரிஞ்சுட்டே சொட்டுச்சு. ஒரு சொட்டு மணல் தட்டுக்கு வெளிய, மேசைத் துணி மேல விழுந்து பொத்துக்கிட்டுப் போச்சு. நாந்தான் ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினேன். அந்த ஹாலையே காப்பாத்தினது நான். அதை இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் சொல்லலை.

மொத வரிசைல இருந்து ஒரு அப்பாக்காரரு எந்திரிச்சாரு. மேடை ஏறினாரு, ஒரு பட்டாம்பூச்சியைத் தூக்கித் தோள்ல போட்டுட்டு எறங்கிப் போயிட்டாரு. அடுத்து ஒரு அம்மா. அடுத்து இன்னொருத்தரு. கொஞ்ச நேரத்துல திரை ஓரத்துல ஒரு புள்ளை இல்லை. தரைல நாலஞ்சு ஜிகினா ரெக்கை மட்டும் கெடந்துச்சு. யாராவது கத்திருந்தா, சண்டை போட்டிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். யாரும் எங்களைப் பாக்கவே இல்லை. ஏதோ நாங்க அசிங்கம் மாதிரி, காலு படாம ஒதுங்கிப் போற மாதிரி போனாங்க. என்னையுமா அப்படிப் பாக்கறது? அந்தக் கூட்டத்துல என்னையும் சேர்த்தா?

மறுநாளே அப்பாக்காரங்க நாலஞ்சு பேரு ஏணி கொண்டாந்து எல்லாத் திரையையும் கழட்டிக் கிரவுண்டுல குவிச்சுட்டாங்க. தீயணைப்பு ஆபீஸ்ல இருந்து ஆளு வந்தாங்க, சான்றை ரத்து பண்ணிட்டாங்க. உடனே தாளாளர் என்ன சொன்னாரு தெரியுங்களா? "எங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சயின்ஸ் டீச்சர்தான் துணியை மாத்தி எங்களையே ஏமாத்திட்டாங்க." பிரின்சிபால் பக்கத்துல நின்னு ஆமாங்கறாங்க. அந்த வாய்ல புழு வைக்கணும். நான் என் கையால, மூணு தடவை நனைச்சு, யாருக்காகச் செஞ்சேன்? எனக்காகவா செஞ்சேன்?

செல்வராணிக்கு அன்னிக்கே குடோன்ல வேலை போச்சு. புள்ளைக்கு டி.சி. குடுத்து அனுப்பிட்டாங்க. அந்த டி.சி.யை எழுதினது நாந்தான், கிளாஸ் டீச்சர்ங்கறதால. எனக்கு வேலை போனது அதுக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தானே. நடத்தைங்கற எடத்துல "ஒழுங்கீனம்"னு எழுதச் சொன்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன். "திருப்தி"ன்னு எழுதினேன். என்னங்க அப்படிப் பாக்கறீங்க? "நன்று"ன்னு எழுதிருக்கலாம்தான். ஆனா அன்னிக்கு இருந்த நெலமைல அதுவே பெருசுங்க. அந்தப் புள்ளைக்கு நான் அவ்வளவாவது செஞ்சேன்.

இதோட முடிஞ்சிருந்தா நான் மனுவைக் குடுத்துட்டு நிம்மதியா இருந்திருப்பேன். போன செவ்வாக்கிழமை அந்தப் புள்ளையைப் பாத்துட்டேங்க. நாட்டு மருந்துக் கடைல. எனக்கு இப்பெல்லாம் எதைத் தின்னாலும் எதுக்களிக்குது, ஓமம் வாங்கப் போனேன். அங்க கவர்மென்ட் ஸ்கூல் யூனிபார்ம்ல நிக்குது. கூட ரெண்டு புள்ளைங்க. கையில பெரிய பொட்டலம். நான் பாக்காத மாதிரி திரும்பினேன். அது விடலை. "மிஸ்!"னு ஓடி வந்துச்சு.

ஏதாவது கேக்கும், குத்திக் காட்டும்னு நெனச்சேன். மனசைக் கல்லாக்கிட்டு நின்னேன். அது சிரிக்குது.

"மிஸ், நல்லவேளை உங்களைப் பாத்தேன். நீங்க அன்னிக்கு அந்தப் பருத்தித் துணிக்கு எவ்வளவு படிகாரம் போட்டீங்க? நாங்க போட்டா ஓரத்துல பத்திக்குது."

எதுக்குடின்னேன்.

"எங்க ஸ்கூல்ல நாடகத்துக்குத் திரை தெக்கிறோம் மிஸ். அம்மாதான் தெக்குது. காடாத் துணிதான். நாங்க நனைச்சு நனைச்சுக் காயப் போடறோம். உங்க துணி மாதிரி நிக்க மாட்டேங்குது. அது எவ்வளவு சூப்பரா நின்னுச்சு!"

கடைக்காரன் எங்களையே பாக்கறான். அப்பறம் அது இன்னொண்ணு சொல்லுச்சுங்க. வேணும்னு சொல்லலை, அந்தப் புள்ளைக்கு அப்படிப் பேசத் தெரியாது. சும்மா, மனசுல தோணினதைச் சொல்லுச்சு.

"மிஸ், அன்னிக்கே நம்ம மேடைக்கும் இதையே போட்டிருக்கலாமே. நீங்க சொல்லிருந்தா பி செக்‌ஷன் பூரா வந்து நனைச்சுக் குடுத்திருப்போம்."

எனக்கு எட்டு நாள் இருந்துச்சுங்க. எட்டு நாள். படிகாரம் இருந்துச்சு, அளவு தெரிஞ்சிருந்துச்சு, மாடி இருந்துச்சு, முப்பத்தாறு புள்ளைங்க இருந்துச்சு. ஒரு துண்டுதானே செஞ்சேன். ஆனா அந்த யோசனை எனக்கு எப்படி வரும், சொல்லுங்க? அவங்க என்னை அப்படியா கேட்டாங்க? எரியாத மாதிரி காட்டச் சொன்னாங்க. காட்டினேன்.

அளவைச் சொன்னேங்க. வெந்நீர்ல கரையற அளவுக்குக் கரைச்சுப் போடு, ராத்திரி ஊறணும், நெழல்ல காயணும், மூணு தடவைன்னு சொன்னேன். அது பொட்டலத்து மேலயே பேனாவால எழுதிக்கிட்டுச்சு. ஒரு வார்த்தை விடாம எழுதிட்டு, "தேங்க்ஸ் மிஸ்"னு சொல்லிட்டுப் புள்ளைங்களைக் கூட்டிட்டு ஓடிடுச்சு. நான் ஓமத்தை அங்கயே விட்டுட்டு வெளிய வந்து, சாக்கடை ஓரத்துல நின்னு வாந்தி எடுத்தேன். காலைல தின்ன ரெண்டு இட்லியும் போச்சு. அன்னிலருந்து சோறு எறங்கலை. அருவருப்பு. சோத்தைப் பாத்தா, தண்ணியைப் பாத்தா, கண்ணாடியைப் பாத்தா, எதைப் பாத்தாலும் அருவருப்பு.

யார் மேலன்னா கேக்கறீங்க? அந்த ஆளுங்க மேலதாங்க. வேற யார் மேல?